ஆல்ஃபாக்டரி எந்த ஃபாக்டரி?

இன்னா பேராண்டி, இங்கிலீஷ் வார்த்தை சேக்கறியாமே? உங்க அம்மா வந்து பொலம்பிட்டுப் போச்சு. ராத்திரி பன்னெண்டு மணி வரிக்கும் லைட்டைப் போட்டுக்கினு, போனைப் பாத்துப் பாத்து பச்சை மசியில எழுதறியாம். லவ் லெட்டரோன்னு பயந்துடுச்சு பாவம். லவ் லெட்டரா இருந்தாக்கூட ஒரு பிரயோஜனம் உண்டு. இப்படிக் குந்து. நோட்டைக் குடு, பாக்கலாம்.

கையெழுத்து ஷோக்கா இருக்குது. ஆனா பச்சை மசி எதுக்கு ராசா? அது கெஜட்டட் ஆபீசருங்க கையெழுத்துப் போடற மசியாச்சே. நீ இன்னும் அதுக்குண்டான பரிட்சையே பாஸ் பண்ணலியே?

மொத பக்கத்துலயே ‘பெட்ரிகோர்’. அப்டின்னா? காஞ்ச மண்ணுல மழை உழுந்தா வர்ற வாசனையா? அட, அத்தத்தானே உங்க பாட்டி மூக்கால இழுத்துட்டு, மாடியில காயப்போட்ட வத்தலை அள்ள ஓடும். நீ அந்த நேரத்துல இன்னா பண்ணே? போனை எடுத்து ‘பெட்ரிகோர்’னு ஸ்டேட்டஸ் போட்டே. வத்தல் நனைஞ்சிச்சு.

அந்த வார்த்தை என்னைவிடச் சின்னது தெரியுமா? 1964ல ஆஸ்திரேலியாவுல இஸபெல் ஜாய் பேர்னு ஒரு அம்மா, தாமஸ்னு ஒரு ஐயா, ரெண்டு விஞ்ஞானிங்க ‘நேச்சர்’ பத்திரிகையில எழுதினாங்க. கிரேக்க பாஷையில கல்லுக்கு ஒரு பேரு இருக்குது, சாமிங்க உடம்புல ஓடற ரத்தத்துக்கு ஒரு பேரு இருக்குது. ரெண்டையும் வெச்சு வெல்டிங் பண்ணி இந்தப் பேரை உண்டாக்கினாங்க. தப்பு சொல்லலை, நல்லாத்தான் இருக்குது. ஆனா அவங்களே அந்தக் கட்டுரையில நம்ம நாட்டு அத்தர்காரங்களைப் பத்தியும் எழுதியிருக்காங்க. உத்தரப் பிரதேசத்துல கன்னோஜ்னு ஒரு ஊரு. அங்க மண்ணைப் போட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில புடிச்சு, சீசாவுல அடைச்சு வித்துக்கினு இருந்தான் ஒருத்தன். இவங்க பேரு வெச்சாங்க, அவன் சரக்கையே கையில வெச்சிருந்தான். யாருடா கெட்டிக்காரன்? ‘காய்ச்சி’ன்னதும் நீ இன்னாத்துக்கு சிரிக்கறே? அத்தர்டா அது.

அடுத்தது ‘ஃபராகோ’. ஓகோ, நீ தரூர் கட்சியா? 2017ல திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் ஒரு டிவிக்காரரு மேல கோவம் வந்து ட்விட்டர்ல இந்த வார்த்தையைப் போட்டாரு. அவ்ளோதான். நாடே அகராதியைத் தொறந்திச்சு. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்களே, ‘இன்னாடா இது, ஒரே நேரத்துல இவ்ளோ பேரு தேடறாங்களே’ன்னு வெளியில சொன்னாங்க. அர்த்தம் இன்னா? கலந்துகட்டி அள்ளிப் போட்ட கூளம். லத்தீன்ல அதுக்கு மொத அர்த்தம் மாட்டுத் தீவனம். பல தானியத்தைக் கலந்து மாட்டுக்கு வெக்கற தீனி. இத்த எங்க ஓட்டேரி பால்காரரைக் கேட்டிருந்தா அகராதியே வாணாமே.

அடுத்த வருசமே அவரு இன்னொண்ணு போட்டாரு. தன் புஸ்தகத்துக்கு விளம்பரம் பண்றேன்னு ‘ஃப்ளாக்ஸிநாஸினிஹிலிபிலிஃபிகேஷன்’. தண்ணி குடு, நாக்கு சுளுக்கிச்சு. இங்கிலீஷ்ல எழுதினா 29 எழுத்து. லத்தீன்ல ‘ஒண்ணுமில்லாதது’ன்னு அர்த்தம் வர்ற நாலு வார்த்தையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, பள்ளிக்கூடப் பசங்க வெளையாட்டுக்குப் பண்ணதுன்னு சொல்லுவாங்க. ஒரு சமாச்சாரத்தை ஒண்ணுமே இல்லைன்னு தள்றதுக்கு 29 எழுத்து! பெரம்பூர்ல அதுக்கு மூணே எழுத்து. ஜுஜுபி.

நான் தரூரைக் குத்தம் சொல்லலைப்பா. அவரு ஐ.நா. சபையில உக்காந்து பேசினவரு. சட்டியில இருக்குது, அகப்பையில வருது. உன் சட்டியில இன்னா இருக்குது? போன வாரம் லீவு லெட்டர்ல ‘இன்டிஸ்போஸ்டு’ன்னு எழுதினியாமே. உங்க மேனேஜரு உன்னைக் கூப்ட்டு, ‘இன்னா தம்பி, டிஸ்போஸ் பண்ணிட்டாங்களா?’ன்னு கேட்டாராமே. ஜுரம்னு எழுதினா லீவு குடுக்க மாட்டேன்னா சொன்னாரு?

இந்த வியாதி புதுசு இல்லை. எங்க காலத்துலயும் இருந்திச்சு. அப்ப போன் கெடையாது, மூர் மார்க்கெட்டு இருந்திச்சு. சென்ட்ரல் பக்கத்துல, 1985ல எரிஞ்சு போச்சே, அது. அங்க பழைய புஸ்தகக் கடையில எந்த மூலையில கையை விட்டாலும் நார்மன் லூயிசு எழுதின ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ வரும். 1949ல அமெரிக்காவுல எழுதின புஸ்தகம், இன்னிக்கும் பிளாட்பாரத்துல கெடக்குது. அத்த செகண்ட் ஹேண்டுல வாங்கினா ஒரு கூத்து. மொத பாடம் பூரா அடிக்கோடு, காபிக் கறை, காது மடிச்ச பக்கம். அந்தப் பாடத்துல ‘நான் நான்’னு பேசறவனுக்கு, தனியா ஒதுங்கறவனுக்கு, பொம்பளைங்கன்னா ஆகாதவனுக்கு எல்லாம் இன்னா பேருன்னு இருக்கும். ரெண்டாவது பாடம் டாக்டருங்களைப் பத்தி. அங்கேர்ந்து கடைசி வரிக்கும் பேப்பர் மொடமொடன்னு புதுசா இருக்கும். அதனாலதான் நம்ம ஏரியாவுல எவனைக் கேட்டாலும் ‘ஈகோ’ மட்டும் நல்லாத் தெரியும்.

நோட்டைத் திருப்பு. ‘டீஃபெனஸ்ட்ரேஷன்’. ஆளை ஜன்னல் வழியா வெளியே தூக்கிப் போடறதா? இதுக்கும் ஒரு வார்த்தை வெச்சிருக்கானா! 1618ல பிராக் ஊர்க் கோட்டையில சண்டை வந்து ரெண்டு அதிகாரிங்களையும் அவங்க குமாஸ்தாவையும் ஜன்னல் வழியா தள்ளினாங்க. மூணு பேரும் பொழைச்சாங்க. தேவதை தாங்கிச்சுன்னு ஒரு கட்சி, குப்பை மேட்டுல உழுந்தாங்கன்னு ஒரு கட்சி. கொடுங்கையூர் பக்கத்துல பொறந்தவன் நான். எது நெஜம்னு என்னைக் கேளு. ஆனா ஒண்ணு பாத்தியா? தள்ளினவங்களுக்குப் பேரு இருக்குது, தள்ளின வேலைக்குப் பேரு இருக்குது. குமாஸ்தா இன்னா தப்பு பண்ணான், சொல்லு?

அப்பால ‘செரண்டிபிட்டி’. தேடாமலே கெடைக்கற அதிர்ஷ்டம். 1754ல ஹொரேஸ் வால்போல்னு ஒரு இங்கிலீஷ்காரரு லெட்டர்ல உண்டாக்கினது. செரண்டிப்னா எந்த ஊருன்னு நெனைக்கறே? சிலோன்! எழும்பூர்ல போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில கப்பல் மாறிப் போவாங்க, அந்த ஊரு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அந்த வழியும் போச்சு. எங்க ஆளுங்க தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன ஊரை இவரு அதிர்ஷ்டத்துக்குப் பேரா வெச்சாரு. எந்தப் பக்கம் நின்னு பாக்கறோம்ன்றதுதானே சமாச்சாரம்.

மொறைக்காதே. சேக்கறதே தப்புன்னு நான் சொன்னேனா? சேக்கறதுல ஒரு தினுசு இருக்குது. நம்ம பெரம்பூர்லேர்ந்து நடந்து போற தூரத்துல வேப்பேரி இல்லியா? அங்க ஃபெப்ரீஷியஸ்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் இருந்தாரு. நம்ம வார்த்தையை ஒண்ணொண்ணாப் பொறுக்கி இங்கிலீஷ்ல அர்த்தம் எழுதி, 1779ல அகராதியா அச்சுப் போட்டாரு. அச்சு மெஷின் எப்படி வந்திச்சு? 1761ல வெள்ளைக்காரன் பாண்டிச்சேரியைப் புடிச்சப்போ பிரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து தூக்கிக்கினு வந்தது. பாவம், மனுசனுக்குக் காசுக் கணக்கு மட்டும் வராது. யாரு யாருக்கோ ஜாமீன் நின்னு, கடன்ல மாட்டி, கடைசிக் காலத்துல ஜெயிலுக்கே போனாரு. ‘கடன்’ன்ற வார்த்தைக்கு அவரைவிட அர்த்தம் தெரிஞ்ச அகராதிக்காரன் எவனும் இருக்க முடியாது.

அதுக்கு நூறு வருசம் கழிச்சு இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தரு யூல், ராணுவ இன்ஜினியரு. இன்னொருத்தரு பர்னெல், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு. இங்க வந்த வெள்ளைக்காரங்க வாயில ஒட்டிக்கிச்சே நம்ம ஊரு வார்த்தைங்க, அத்தெல்லாம் சேத்தாங்க. புஸ்தகம் 1886ல வந்திச்சு, ‘ஹாப்சன்-ஜாப்சன்’னு பேரு. பர்னெல் பாக்கறதுக்கு இல்லை, நாலு வருசம் முன்னாலயே போய்ச் சேந்துட்டாரு. அந்தப் பேரு எங்கேர்ந்து வந்திச்சு? மொகரம் ஊர்வலத்துல மார்ல அடிச்சிக்கினு ‘யா ஹசன், யா ஹுசேன்’னு கத்துவாங்க இல்லே, அது சிப்பாய் காதுல அப்படி உழுந்திருக்குது! காது டமாரம். ஆனா வேலை சுத்தம். வார்த்தை எந்த வருசம், எந்தக் கப்பல்காரன் எழுதினான், எந்த லெட்டர்ல வந்திச்சு, எல்லாத்தையும் ரெண்டு பேரும் கீழ எழுதி வெச்சாங்க. வார்த்தையோட ஆளையும் சேத்துப் புடிச்சாங்க. உன் நோட்டுல ஆளு எங்கே? வார்த்தை, ஒரு கோடு, அர்த்தம். முடிஞ்சிச்சு. மாமியார் வீட்டு ஷோகேஸ்ல வெச்ச பீங்கான் தட்டு மாதிரி கீது. அதுல என்னிக்காச்சும் ஒருத்தன் சோறு துன்னானா?

‘கேடமரான்’ எழுதியிருக்கே பாரு. எதிர்ல ‘ரெண்டு உடம்பு உள்ள சொகுசுப் படகு’ன்னு அர்த்தம் போட்டிருக்கே. அடேய், காசிமேடு எம்மாந் தூரம்டா? சைக்கிள்ல போனாலே அரை மணி நேரம். கட்டுமரத்துல உடம்பு ஏது? பள்ளமே கெடையாதே. மரத்தை வரிசையா வெச்சு, முன்னால பின்னால கவுத்தால இறுக்கிக் கட்டுவாங்க. தண்ணி மேல ஏறும், இடுக்கு வழியா இறங்கிடும். முழுக என்னா இருக்குது அதுல? கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து மரத்தை வெயில்ல காயப் போடுவாங்க. ஊறின மரம் கனம் இல்லியா? மறுநாள் திரும்பக் கட்டணும். தெனம் ஒரு தபா படகு செய்யறவன் வார்த்தை அது. 1697லயே டாம்பியர்னு ஒரு கப்பல்காரன் இத்த இங்கிலீஷ் புஸ்தகத்துல எழுதிட்டான். அப்பால வெள்ளைக்காரன் பேரை எடுத்துக்கினு, மரத்தை உட்டுட்டு, ரெண்டு படகை நடுவுல இடைவெளி உட்டு ஜோடி சேத்து அதுக்கு வெச்சுக்கினான். சுனாமிக்கு அப்பால இங்கயும் ஃபைபர் போட்டுதான். இன்னிக்கு அவங்கிட்ட பேரு இருக்குது, நம்மகிட்ட அதுகூட இல்லை, நீ இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கே.

மொளகுத் தண்ணி ‘மல்லிகடானி’ ஆயி, கோழி, சோறு எல்லாம் வுழுந்து ஸ்டார் ஓட்டல்ல கிண்ணத்துல வருது. சுருட்டு ‘செரூட்’ ஆச்சு. ‘அய்யோ’ இருக்குதே, உங்க பாட்டி தெனம் நூறு தபா சொல்றது, அத்த 2016ல ஆக்ஸ்போர்டு அகராதியில சேத்தாங்க. மறு வருசம் ‘அண்ணா’ போச்சு. இனிமே டீக்கடையில ‘அண்ணா ஒரு டீ’ன்னு நீ கேட்டா, இங்கிலீஷ் பேசறேன்னு தெரிஞ்சிக்க. பீட்டர் உடறதுக்கு இவ்ளோ சுளுவான வழி இருக்கறப்போ எதுக்கு ராத்திரி கண்ணு முழிக்கறே?

இரு. இத்த ஏன் எழுதினே? ‘பரையா’. ‘ஒதுக்கப்பட்டவன், தள்ளி வெக்கப்பட்ட நாடு’ன்னு அர்த்தம் போட்டு, பக்கத்துல ஒரு பூ வேற வரைஞ்சிருக்கே. பேப்பர்ல பாத்தியா? சத்தம் நல்லா இருந்திச்சா? தம்பி, அது ஒரு சனத்தோட பேரு. பறை அடிச்ச சனம், இந்தப் பட்டணத்தைக் கட்டின சனம். நாம அவங்களை எப்படி நடத்தினோம்ன்றதைப் பாத்துட்டு, வெள்ளைக்காரன் அந்தப் பேரையே ‘ஒதுக்கல்’னு அர்த்தம் பண்ணி ஒலகம் பூரா கொண்டு போயிட்டான். புளியந்தோப்புல போய் இந்தப் பக்கத்தைக் காட்டுவியா? மாட்டே இல்லே? அப்ப பூவை அடி. வார்த்தையை வெச்சுக்க. எங்கேர்ந்து வந்திச்சுன்னு கீழ எழுதி வெச்சுக்க.

சரி, மூஞ்சைத் தொங்கப் போடாதே. உனக்கு நல்ல இங்கிலீஷ் வார்த்தை நான் தர்றேன், எழுதிக்க. பெரம்பூர்ல குந்திக்கினு இங்கிலீஷ் வார்த்தைக்கு எதுக்குடா போனைத் தேடறே? ஒலகத்துல எந்த ஊர்லயாச்சும் ‘கேரேஜ் ஒர்க்ஸ்’, ‘லோகோ ஒர்க்ஸ்’னு பட்டறை பேர்ல ரெண்டு எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷன் பாத்திருக்கியா? ராயபுரத்துலேர்ந்து மொத ரயில் ஓடின காலத்து ஆளுங்க நாம. ரயில் பெட்டி செய்யற ஐ.சி.எஃப்பை நேரு வந்து தொறந்தது 1955 அக்டோபர் 2. எங்க ஆளுங்க அஞ்சாங் கிளாஸ் தாண்டினது கெடையாது. ஆனா வாயைத் தொறந்தா கப்ளிங், பஃபர், ரிவிட்டு, டிராவர்சர்னு வரும். அகராதியைப் பாத்தா கத்துக்கினாங்க? வெரல் நசுங்கிக் கத்துக்கினாங்க.

உன் நோட்டுல ‘வெஸ்டிபுள்’ இருக்குது, ‘மாளிகையின் முன்கூடம்’னு. எங்களுக்கு அது ரெண்டு பெட்டிக்கு நடுவுல மடிப்பு மடிப்பா ரப்பரு தொங்குமே, ஆட்டம் ஆடிக்கினே நீ பாத்ரூம் போவியே, அந்த எடம். ‘போகி’ன்னு எத்த சொல்லுவே? பெட்டியைத்தானே? ‘எஸ்-4 போகி’ன்னு ஊரே சொல்லுது. ஒர்க்ஸ் ஆளுகிட்ட சொன்னா சிரிப்பான். பெட்டி வேற, போகி வேற. பெட்டிக்குக் கீழ, ரெண்டு அச்சு, நாலு சக்கரத்தோட ஒரு இரும்புச் சட்டம் இருக்குது பாரு, அதான் போகி. ஒரு பெட்டிக்கு ரெண்டு.

அந்த போகியில ஒரு சாமான் இருக்குது. பேரு டேஷ்பாட். பழைய ஐ.சி.எஃப். பெட்டியில சக்கரத்து அச்சு முனையில ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் சுருள் ஸ்பிரிங்கு. ஸ்பிரிங்குக்கு உள்ள பாத்தா ஒரு குழல், குழல் நெறைய எண்ணெய். வண்டி தூக்கிப் போடறப்போ மேலேர்ந்து ஒரு தண்டு எண்ணெய்க்குள்ள எறங்கும். எண்ணெய் எங்க போவும்? சின்னச் சின்ன ஓட்டை வழியா மேல வந்தாகணும். அத்த எவ்ளோ அவசரப்படுத்தினாலும் மெதுவாத்தான் வரும். அந்த மெதுவுலதான் உன் குலுக்கல் அடங்குது. எண்ணெய் ஒழுகிப் போச்சுன்னா? மேல் பெர்த்துல படுத்தவன் வெடிய வெடிய முழிச்சிக்கினு டிரைவரைத் திட்டுவான். டிரைவரு பாவம் இன்னா பண்ணுவாரு? கீழ குழல்ல எண்ணெய் இல்லை. அந்த மாடல் பெட்டி செய்யறதையே 2018ல நிறுத்திட்டாங்க. டேஷ்பாட். சொல்லிப் பாரு. எவ்ளோ அழகா இருக்குது? மெலிஃப்ளூவஸ், எஃபெமரல்னு பக்கம் பக்கமா எழுதினியே, நீ தூங்கறதுக்குக் கீழ வேலை பாத்த வார்த்தை இதுல ஒண்ணாச்சும் கீதா?

ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை நான் சொல்ல மாட்டேன். உங்க பாட்டி சொல்லிச் சொல்லித் தேஞ்சு போச்சு. ஆனா அந்தப் பெட்டிஷன் கதையை மட்டும் பேசியாகணும்.

நம்ம தெருவுல சாக்கடை அடைச்சிக்கினு மழைத் தண்ணியும் அதுவுமா ஒண்ணா நிக்குது. மூக்கைப் புடிச்சிக்கினுதான் பசங்க இஸ்கூல் போவுதுங்க. படிச்ச புள்ளயாச்சேன்னு உன்கிட்ட பெட்டிஷன் எழுதச் சொன்னாங்க. நீ இன்னா எழுதினே? ‘எங்கள் தெருவில் கடும் ஆல்ஃபாக்டரி உபத்திரவம்’னு. நாத்தம்னு எழுத உன் கை கூசிச்சா? அந்த நாத்தத்தைத் தெனம் மோக்கறது எங்களுக்குக் கூசலியே.

ஆபீசுல ஒரு குமாஸ்தா படிச்சாரு. கண்ணாடியைத் தொடச்சிக்கினு திரும்பப் படிச்சாரு. ‘ஆல் ஃபாக்டரி’. எண்ணூர்லேர்ந்து திருவொற்றியூர் வரிக்கும் ஃபாக்டரியாக் கெடக்கற எடம். அவரு இன்னா நெனைப்பாரு? எல்லா ஃபாக்டரி மேலயும் கம்ப்ளெய்ன்ட் வந்திருக்குதுன்னு நெனைச்சுட்டாரு. ‘இது எங்க செக்‌ஷன் இல்லை’ன்னு ஒரு சீட்டு குத்தி வேற ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. அவங்க, ‘எந்த ஃபாக்டரி, பேரு அட்ரஸ் குடுக்கவும்’னு லெட்டர் போட்டிருக்காங்க. நேத்துதான் வந்திச்சு. இந்தா, நீயே படி. தெருவுல தண்ணி இன்னும் முழங்காலுக்கு நிக்குது.

சிரிச்சது போதும். அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழி. நோட்டு குறையாது. அந்தப் பச்சைப் பேனாவை உள்ள வெச்சுட்டு நீலத்தை எடு. நான் சொல்றேன், நீ எழுது. ‘ஐயா, எங்க தெருவுல சாக்கடை அடைச்சிருக்குது. தண்ணி போவலை. கொசு புடுங்குது, புள்ளைங்களுக்கு ஜுரம் வருது. ஆளும் லாரியும் அனுப்பி அடைப்பு எடுத்துக் குடுங்க.’ தெருப் பேரு எழுது. எந்த வீட்டாண்ட அடைப்புன்னு எழுது. கீழ உன் பேரு, போன் நம்பரு.

மேல ‘அர்ஜென்ட்’னு பெருசாப் போடு. என்னாத்துக்கு என்னைப் பாக்கறே? அதுவும் இங்கிலீஷ்தான், போடு.